பெயரில் பலன் இல்லை, மானம் உண்டு



சென்ற மாதம் எங்கள் ஊரில் ஒரு தோழருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தோழர் என்று சும்மா சொல்லவில்லை. கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவர். பத்திரிகை வாங்கிப் படிக்கிறவர். வீட்டில் திதி, திவசம் என்று ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்டவர் குழந்தை பிறந்த பதினைந்தாம் நாள் ஒரு சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அதில் "சு, சே, சோ, லா" என்று நான்கு எழுத்துக்கள் எழுதியிருந்தன. "குழந்தை அஸ்வினி நட்சத்திரமாம். இந்த நான்கில் ஒன்றில் ஆரம்பிக்கிற பெயராக வேண்டுமாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது அண்ணே, ஆனாலும் மாமியார் வீட்டில் சொல்லுகிறார்கள்" என்றார். சீட்டின் மறுபக்கத்தில் இன்னொரு கணக்கு இருந்தது. பெயரை இங்கிலீஷில் எழுதிக் கூட்டினால் இன்ன எண் வரவேண்டும் என்றும், வராவிட்டால் ஓர் எழுத்தை அதிகமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றும் கண்டிருந்தது. இந்த அரைத்தாள் காகிதத்துக்கு அவர் கொடுத்து வந்தது இரண்டாயிரம் ரூபாய். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை, வருத்தந்தான் வந்தது.

"நம்பிக்கை இல்லை, ஆனாலும்" என்கிற இந்த வார்த்தைதான் நம் மக்களைப் பிடித்திருக்கும் பெரிய வியாதி. நம்பிக்கை உள்ளவனையாவது வாதாடித் திருத்திவிடலாம். நம்பாமலே பணம் கொடுக்கிறவனை என்ன செய்வது? ஆகவே பெயர் என்பது என்ன, அது எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன சக்தி உண்டு, என்ன சக்தி இல்லை என்பதைப்பற்றி நாம் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது நல்லது.

பஞ்சாங்கத்தின் யோக்கியதை

நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் பாதம் 4, ஆக 108 பாதங்களுக்கும் எழுத்துக்களைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். இதில் திருவாதிரை நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்துக்கு விழுந்த எழுத்து "ங". "ங" என்று ஆரம்பிக்கிற பெயருள்ள ஒரு மனிதரை நீங்கள் கண்டதுண்டா? அந்த இடம் வந்தவுடன் பஞ்சாங்கக்காரரே பக்கத்து எழுத்துக்கு ஓடிவிடுகிறார். எழுத்துக்கும் நட்சத்திரத்துக்கும் உண்மையாகவே சம்பந்தம் இருக்குமானால் ஓடலாமா? ஓடலாம் என்றால் மற்ற 107 இடங்களிலும் ஏன் ஓடக்கூடாது? சீனாக்காரன் குழந்தையும் ஜெர்மனிக்காரன் குழந்தையும் இதே நட்சத்திரங்களின் கீழேதான் பிறக்கின்றன. அவர்கள் "சு, சே, சோ, லா" பார்க்காமல் பெயர் வைத்ததால் என்ன கெட்டுப் போய்விட்டார்கள்?

எண் கணக்கின் யோக்கியதை இதைவிட மோசம். எஸ் என்னும் இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு முறைப்படி மதிப்பு 3. இன்னொரு முறைப்படி 1. இரண்டு முறைக்காரர்களும் ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழமை என்றுதான் சொல்லுகிறார்கள். நம் ஊரில் அதிகமாக நடமாடும் முறையைப் புஸ்தகம் எழுதிப் பரப்பியவர் கீரோ என்ற பெயரில் உலவிய ஓர் ஐரிஷ்காரர். 1866-ல் பிறந்து 1936-ல் செத்துப் போனவர். இங்கிலீஷில் ஐ என்பதும் ஜே என்பதும் ஒரே எழுத்தாக இருந்து, 16, 17-வது நூற்றாண்டுகளில்தான் இரண்டாகப் பிரிந்தன. அதற்கு முன் பிறந்தவன் தலைவிதி எந்தக் கணக்கில் ஓடிற்று? நம்முடைய "ழ"வுக்கு இங்கிலீஷில் எழுத்தே கிடையாது. கயல்விழி என்ற பெண்ணின் பெயரை ஒரு குமாஸ்தா இசட், எச் போட்டு எழுதுகிறார். இன்னொருவர் எல் போட்டு எழுதுகிறார். குமாஸ்தா பேனாவை மாற்றிப் பிடித்தால் ஒரு பெண்ணின் வாழ்வு மாறிவிடும் என்றால், கும்பிட வேண்டியது குமாஸ்தாவை அல்லவா?

பெயர் எப்படி உண்டாயிற்று?

பல தேசத்துப் பெயர்களைச் சற்று பிரித்துப் பார்த்தால் அவைகளில் ரகசியம் ஒன்றும் இல்லை என்பது விளங்கும். ஆப்பிரிக்காவில் கானா தேசத்து அக்கான் மக்கள் பிள்ளை பிறந்த கிழமையையே பெயராக வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. 1957-ல் அந்தத் தேசத்தை விடுதலை செய்வித்த குவாமே நுக்ருமா, "சனிக்கிழமைக்காரர்". 1997 முதல் 2006 வரை ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைக் காரியதரிசியாக இருந்த கோஃபி அன்னான், "வெள்ளிக்கிழமைக்காரர்". நம் ஊரில் சனி என்றால் எள் விளக்கு ஏற்றி நடுங்குகிறார்கள். அங்கே சனியின் பெயர் சொல்லியே ஒருவர் ராஜ்யம் வாங்கினார்.

பழைய ரோமாபுரியில் குவின்டஸ் என்றால் ஐந்தாவது. செக்ஸ்டஸ் என்றால் ஆறாவது. டெசிமஸ் என்றால் பத்தாவது. பெண்களுக்கு அதுகூட இல்லை. குடும்பப் பெயரையே பெண்பாலாக்கிக் கூப்பிட்டார்கள். ஜூலியஸ் சீசருடைய அத்தை ஜூலியா, அக்காள் தங்கை இருவரும் ஜூலியா, மகளும் ஜூலியா. உலகத்தை ஆண்டவர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தனியாக ஒரு பெயர் வைக்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

"கடவுள் அருளினார்" என்று பொருள்படும் எபிரேயப் பெயர் ஒன்று, இங்கிலீஷ்காரனிடம் ஜான், ருஷ்யனிடம் இவான், இத்தாலியனிடம் ஜொவான்னி, ஸ்பெயின்காரனிடம் ஹுவான் என்று ஆகி, தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் அருளப்பன் ஆயிற்று. பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சின்னவன் என்று பொருள். அவர் இங்கே சின்னப்பர் ஆனார். ஸ்தேவான் என்றால் கிரேக்கில் கிரீடம், அதாவது முடி. அவர் முடியப்பர் ஆனார். சவேரியார் என்பதோ ஊர்ப் பெயர். ஸ்பெயினில் அவர் பிறந்த கோட்டையின் பெயர் அது. பாஸ்க் பாஷையில் அதற்குப் "புது வீடு" என்று பொருள். ஆகவே கிழமை, வரிசை, ஊர், வீடு, பெற்றவர்களின் ஆசை ஆகிய இவைகள்தான் பெயர்களின் வேர். எந்தப் பெயரும் ஆகாயத்திலிருந்து இறங்கி வந்ததல்ல.

நம் வைதீகர்கள் மாத்திரம் பெயருக்குச் சாஸ்திரம் வைத்திருக்கிறார்கள். மனுதர்ம சாஸ்திரம் மூன்றாம் அத்தியாயத்தில் எந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்யக்கூடாது என்று ஒரு ஜாபிதா இருக்கின்றது. நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு இவைகளின் பெயரைக் கொண்ட பெண் ஆகாதாம். அப்படியானால் ரோகிணி, ரேவதி, கங்கா, காவேரி, யமுனா எல்லோரும் கன்னிகளாகவே இருந்திருக்க வேண்டும். இந்தப் பெயர்களோ வைதீகர் வீடுகளில்தான் நிறைந்து கிடக்கின்றன. கல்யாணமும் மேளதாளத்தோடு நடக்கின்றது. தங்களுக்குத் தொல்லையான இடத்தில் சாஸ்திரத்தைத் தாண்டிவிட அவர்களுக்குத் தெரியும். நமக்கு மாத்திரம் தாண்டத் தெரியவில்லை.

எமனை ஏமாற்றும் பெயர்கள்

நிற்க, இன்னொரு வகைப் பெயர்களைப்பற்றிச் சொல்ல வேண்டும். இவைகளைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வரிசையாகப் பிள்ளைகள் செத்துப் போன வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றும், குப்பம்மாள் என்றும் பெயர் வைப்பார்கள். பிச்சை எடுத்த தவிட்டுக்கு விற்று வாங்கிப் பிச்சை என்பார்கள். இழிவான பெயராயிருந்தால் எமன் சீண்டமாட்டான் என்பது எண்ணம். இது நம் நாட்டுப் புத்தி மாத்திரமல்ல. சீனாவில் "நாய் தின்று மிச்சம்" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். நைஜீரியாவின் யொருபா மக்கள் இறந்த பிள்ளையே திரும்பத் திரும்ப வந்து பிறந்து சாகிறது என்று எண்ணி, மாலோமோ, அதாவது "இனிப் போகாதே" என்றும், துரோஜையே, அதாவது "இருந்து வாழ்ந்து பார்" என்றும் பெயர் வைத்தார்கள். தாயின் அழுகையே அங்கே பெயராகிவிட்டது.

ஆனால் எமன் ஏமாந்தானா? இந்தியாவில் 1971-ம் வருஷத்தில் பிறந்த 1000 குழந்தைகளில் 129 ஒரு வயதாவதற்குள் செத்தன. 2020-ல் அந்த எண் 28. இதற்கிடையில் குப்பன் என்ற பெயர் பெருகவில்லை, குறைந்துதான் போயிற்று. குழந்தைகளைக் காப்பாற்றியவை தடுப்பூசியும், சுத்தமான தண்ணீரும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், தாய்க்குக் கிடைத்த சோறும் படிப்பும். இந்த 28-ஐயும் குறைக்க வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். எண் கணக்கு ஜோசியர் வீடு அல்ல.

பெயரால் செய்த அக்கிரமம்

இவ்வளவு தூரம் சொன்ன பிறகு ஒரு நண்பர் கேட்கலாம்: "பெயர் வெறும் சத்தந்தான், அதற்கு ஒரு சக்தியும் இல்லை என்று நீரே சொல்லுகிறீர். அப்படியானால் எவன் எந்தப் பெயர் வைத்தால் உமக்கென்ன? பெயரை மாற்று, பட்டத்தை விடு என்று ஏன் கூத்தாடுகிறீர்கள்?" இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் போவது யோக்கியமாகாது.

பெயருக்கு நட்சத்திரத்தின் மேல் சக்தி கிடையாது. எமன் மேலும் கிடையாது. ஆனால் மனிதன் வாயில் அது புகுந்து வெளிவரும்போது அதற்கு ஒரு சக்தி வந்துவிடுகிறது. நீ மேலா, கீழா என்பதை அது ஊருக்கு அறிவிக்கிறது. இதை நன்றாக அறிந்தவர்கள் அடிமைகளை வைத்து ஆண்டவர்கள்தான். மனுவின் இரண்டாம் அத்தியாயம் பிராமணன் பெயர் மங்களமாகவும், க்ஷத்திரியன் பெயர் பலமாகவும், வைசியன் பெயர் செல்வமாகவும், சூத்திரன் பெயர் இழிவைக் குறிப்பதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. பெயர் வெறும் சத்தம் என்றால் இதை வேலைமெனக்கெட்டுச் சட்டமாக எழுதுவானேன்?

ரோமாபுரியில் மார்க்கஸ் என்ற எஜமானுடைய அடிமைக்கு மார்சிபோர் என்று பெயர்; "மார்க்கஸின் பையன்" என்று பொருள். கிழவனானாலும் பையன்தான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட ஒலாவுடா ஈக்குவியானோ என்பவருக்குக் கப்பலில் எஜமான் குஸ்டாவஸ் வாஸா என்று சுவீடன் ராஜாவின் பெயரை வைத்தான். அந்தப் பெயர் வேண்டாம் என்று மறுத்ததற்காக அடிபட்டதை 1789-ல் வெளியிட்ட தன் சரித்திரத்தில் அவர் எழுதியிருக்கிறார். கழுத்தில் விலங்கு, பெயர் ராஜா! இது நாய்க்கு ராஜா என்று பெயர் வைக்கிற வேடிக்கை அல்லவா? தென்னாப்பிரிக்காவில் ரொலிலாலா என்று தகப்பனார் பெயரிட்ட ஒரு பையன் ஏழு வயதில் பள்ளிக்கூடம் போனான். முதல் நாளே உபாத்தியாயினி, இனி உன் பெயர் நெல்சன் என்று சொல்லிவிட்டார். ரொலிலாலா என்றால் "மரக்கிளையைப் பிடித்து இழுப்பவன்", அதாவது வம்புக்காரன். வெள்ளைக்காரன் வாய்க்கு வசதியாக நெல்சன் ஆன அந்த மண்டேலாதான் பிறகு வெள்ளையர் ஆட்சி என்னும் மரத்தின் கிளையைப் பிடித்து இழுத்தார்.

ஜெர்மனியில் நாஜி சர்க்கார் 1938 ஆகஸ்டில் ஓர் உத்தரவு போட்டது. யூதப் பெயர் என்று சர்க்கார் ஒப்புக்கொண்ட பெயர் இல்லாத யூதர்கள், 1939 ஜனவரி முதல் ஆணானால் இஸ்ரேல் என்றும், பெண்ணானால் சாரா என்றும் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலில் பெயரால் பிரித்தார்கள். பிறகு ஆளையே அழித்தார்கள். பல்கேரியாவில் 1984-85 குளிர்காலத்தில் துருக்கிய வம்சத்தார் லட்சக்கணக்கானவர்களைப் பலாத்காரமாகப் பல்கேரியப் பெயர் வைத்துக்கொள்ளச் செய்தார்கள். 1989-ல் மூன்று லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டே போனார்கள். 1990-ல்தான் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள இடங்கொடுக்கப்பட்டது. முதல் அக்கிரமத்தில் பெயரைச் சேர்த்துப் பிரித்தார்கள். இரண்டாவதில் பெயரைப் பிடுங்கிச் சேர்த்தார்கள். இரண்டிலும் பெயருக்கு உடையவனை யாரும் கேட்கவில்லை.

வெளிநாட்டுக்குப் போவானேன்? நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் ஊர்ப் பண்ணையொன்றில் கருப்பன் என்று ஒரு கிழவர் ஏர் ஓட்டினார். பண்ணைக்காரருடைய எட்டு வயதுப் பையன் "டேய் கருப்பா" என்பான். எழுபது வயதுக் கிழவர் "என்னங்க சாமி" என்று துண்டை இடுப்புக்கு இறக்குவார். அவர் தன் பேரனுக்கு ராஜேந்திரன் என்று பெயர் வைத்தார். "ஓகோ, உங்களுக்கு ராஜா கேட்கிறதோ?" என்று திண்ணையில் சிரித்தார்கள். அதோடு விடவில்லை, அவனைச் சின்னக் கருப்பன் என்றே கூப்பிட்டார்கள். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் அவன். ஆஜர் புஸ்தகத்தில் ராஜேந்திரன் என்று வாத்தியார் படிக்கும்போது அவனுக்கே சட்டென்று விளங்காது. நான்தான் தொடையில் தட்டுவேன். பிறகு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். பல வருஷம் கழித்துப் பார்த்தபோது, "சம்பளச் சீட்டு கொடுக்கும்போது ராஜேந்திரன் என்று கூப்பிட்டார்கள், நான் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது" என்று சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

பெண்களுக்குச் செய்தது இதைவிடக் கேவலம். நாலாவது ஐந்தாவது பெண் பிறந்தால் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் நம் நாட்டில் பெயர் வைத்திருக்கிறார்கள். சீனாவில் ஜாவ்தி என்றால் "தம்பியை அழைத்து வா" என்று பொருள். அந்தப் பெண் தனக்காகப் பிறக்கவேயில்லை. மராட்டியத்தில் இப்படிப்பட்டவளுக்கு நகுசா என்று பெயர். "வேண்டாதவள்" என்று அர்த்தம். 2011 அக்டோபரில் சதாரா ஜில்லாவில் 285 பெண்களை ஒரே இடத்தில் கூட்டி அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் புதுப்பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அந்தப் பெண்களின் கிரகம் எதுவும் இடம் மாறியிருக்காது. ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் "வேண்டாதவளே, எழுந்திரு" என்று யாரும் சொல்லவில்லை. பெயரின் சக்தி அவ்வளவுதான், அவ்வளவு இருக்கிறது.

பெயர் மாற்றினால் போதுமா?

போதாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் செய்தார்கள். அதன் பயனாக இன்று தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதி வால் இல்லாமல் பெரும்பாலோர் இருக்கிறோம். இது பெருமைப்படத்தக்கதே. ஆனால் வாலை வெட்டிய பிறகு "தம்பி எந்த ஊர்? எந்தத் தெரு? தகப்பனார் பெயரென்ன?" என்று சுற்றி வளைத்து ஜாதியைத் தோண்டுகிறவர்கள் நம்மிடையே இல்லையா? கல்யாணப் பேச்சில் வால் திரும்ப முளைத்துவிடுகிறதே! பெயர் என்பது சட்டை. அழுக்குச் சட்டையைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் புதுச் சட்டை போட்டதாலேயே உள்ளேயிருக்கும் சொறி ஆறிவிடாது.

இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். பழைய பெயர் பட்டிக்காடு என்று இப்போது வைக்கிற பெயர்களில் பல, பெற்றவர்களுக்கே பொருள் தெரியாதவை. "என்ன அர்த்தம்?" என்று கேட்டால் "கேட்க நன்றாயிருந்தது, எண்ணும் சரியாக வந்தது" என்கிறார்கள். பாட்டி வாயில் நுழையாத பெயரால் பேத்தியைக் கூப்பிடுவது எப்படி?

ஆகவே என்ன செய்வது? பிள்ளை பிறந்தால் 21 நாளைக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். பெயருக்கு அவசரமில்லை, 12 மாதம் வரையில் கட்டணமின்றிச் சேர்க்கலாம், 15 வருஷம் வரையிலும்கூடத் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க இடமுண்டு. அந்தப் பதிவேட்டில் நட்சத்திரம் என்றொரு கலம் கிடையாது என்பதைக் கவனியுங்கள். பொருள் தெரிந்த பெயராக, ஊரார் வாயில் நுழைகிற பெயராக, எந்த ஜாதி என்று காட்டிக்கொடுக்காத பெயராக, பிள்ளை வளர்ந்து சபையில் எழுந்து நின்று கூசாமல் சொல்லிக்கொள்ளும் பெயராக வையுங்கள். தமிழாயிருந்தால் நமக்கு அர்த்தம் சுலபமாக விளங்கும். வேறு பாஷையாயிருந்தாலும் பாதகமில்லை. அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை பெரியவனாகி அதை மாற்ற விரும்பினால் அதற்கும் அரசிதழ் இருக்கிறது, தடுக்காதீர்கள். பெயர் அவனுடையது.

முதலில் சொன்ன தோழரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஜோசியரைக் கேட்டீர், மாமியாரைக் கேட்டீர், என்னையும் கேட்கிறீர். பத்து மாதம் சுமந்தவளைக் கேட்டீரா?" அவர் பதில் பேசவில்லை. மறுநாள் வந்து சொன்னார்: அந்த அம்மாள் பிறந்த நாள் முதலே குழந்தையைத் தேன்மொழி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம், யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லவில்லையாம். தேன்மொழி "சு"விலும் சேரவில்லை, "லா"விலும் சேரவில்லை. அந்தப் பெயரையே பதிவு செய்துவிட்டார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது. போனது இரண்டாயிரம் ரூபாய் மாத்திரந்தான்.

நம் வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமையைக் காசு கொடுத்து இன்னொருவனிடம் ஒப்படைப்பதைவிட மானங்கெட்ட காரியம் வேறென்ன இருக்கமுடியும்?